பக்கம் மாறிய வரி

டைப் அக்காவுக்குத் தப்பே வராது என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவள்தான் என்று அவள் வீட்டுக்காரர் சொல்வார், அது வேறு விஷயம். ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது. இருபத்திரண்டு வருடமாக அந்த டைப்படிக்கும் கடையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, வாடகை ஒப்பந்தம், வேலைக்கு மனு, கல்யாணப் பத்திரிகை, காணாமல் போன பூனைக்கு அறிவிப்பு என்று லட்சம் பக்கமாவது அடித்திருப்பாள். ஒரு கால் விட்டுப்போச்சு, ஒரு புள்ளி தவறிப்போச்சு என்று யாரும் திரும்பி வந்ததில்லை. ஒருவர் தன் சொந்தப் பிறந்த தேதியையே தப்பாக எழுதிக் கொடுத்து, அக்கா அதைத் திருத்திக் கொடுத்ததாகக் கூட ஒரு கதை உலவுகிறது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அப்படிப்பட்டவள் வருடத்தின் கடைசி வாரத்தில் ஒரு தப்பு செய்தாள். சின்னத் தப்புதான். ஆனால் முந்நூறு பிரதி எடுத்த தப்பு.

அதைச் சொல்வதற்கு முன்னால் அவள் வீட்டுக்காரரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. ஊரெல்லாம் 'மைக் அண்ணன்' என்றுதான் கூப்பிடும். மைக் பிடிக்கிறவர் என்பதால் வந்த பெயரில்லை அது. மைக் கெட்டுப்போன நாளிலும் அவர் போடுகிற சத்தம் கடைசி நடைமேடையில் தூங்குகிறவனை எழுப்பிவிடும், அதனால் வந்த பெயர். ஆலயத்தில் அவர் பாட ஆரம்பித்தால் பாட்டு ஒரு பக்கம் போகும், அவர் ஒரு பக்கம் போவார். சுருதி அவருக்குத் தூரத்து உறவு. எப்போதாவது விசேஷங்களில் சந்தித்துக்கொள்வார்கள். ஆர்கன் வாசிக்கிறவர் வம்பு எதற்கு என்று அவர் போகிற பக்கமே வாசித்துவிட்டுப் போய்விடுவார். வீட்டிலும் அதே கதைதான். டைப் அக்கா அதிகம் பேச மாட்டாள். இருவருக்குமாகச் சேர்த்து அவர் பேசிவிடுவதால் அவளுக்கு அதற்கு அவசியமும் வரவில்லை.

அந்த வருடம் பிப்ரவரியில் அந்தக் குரல் கரகரத்தது. சளி என்றார்கள். மார்ச்சில் வெந்நீரும் உப்பும் என்றார்கள். ஏப்ரலில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஜூனில் குரல் பாதியாகத் தேய்ந்துவிட, பஸ் நிலையத்தில் பதிவு செய்த ஒரு பெண் குரலைப் போட்டுவிட்டார்கள். அண்ணன் ஒரு நாள் போய் நடைமேடையில் உட்கார்ந்து அதைக் கேட்டுவிட்டு வந்தார். "நல்லாத்தான் பேசுறா, பாவம். ஆனா பஸ் எதுவும் அவ பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

பட்ட காலிலேயே படும் என்பார்களே, நடுவில் சமையலறைக் கூரை ஒழுகி ஒரு பக்கம் இடிந்தது, அக்காவுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆனது. கடைசியில் நவம்பரில் அண்ணனுக்குத் தொண்டையில் ஆபரேஷன். கட்டி கெட்ட கட்டி இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தது, அந்த மட்டில் பிழைத்தார்கள். ஆனால் அது உட்கார்ந்திருந்த இடம் சரியில்லை, குரல் நாண் மேலேயே. டாக்டர் சின்ன வயதுக்காரர், சிரிக்காத முகம். "ஆறு வாரம் முழு மௌனம். கிசுகிசுன்னு பேசுறதும் கூடாது, கனைக்கிறதும் கூடாது, சத்தம் போட்டுச் சிரிக்கவும் கூடாது. ஜனவரி ரெண்டாம் தேதி காலைல பத்து மணிக்கு வாங்க. நான் பார்த்தப்புறம் என் முன்னாடி பேசிப் பாக்கலாம். வரலாம். வராமலும் போகலாம். பார்க்கலாம்" என்றார். அந்தப் 'பார்க்கலாம்' டைப் அக்காவின் காதிலேயே உட்கார்ந்துகொண்டது.

அன்று முதல் அவள் போலீஸ்காரியாக மாறினாள். அண்ணன் கழுத்தில் கயிறு கட்டி ஒரு சின்ன வெள்ளைப் பலகையைத் தொங்கவிட்டாள். அவர் அதில் எழுதி எழுதி, சட்டைக் கையால் அழித்து அழித்து, அவருடைய சட்டைகளில் இடது கை எல்லாம் நீலமாகிவிட்டது. ஒரு நாள் காலில் தட்டு விழுந்து அவர் 'ஐ' என்று வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து ஓடி வந்து வாயைப் பொத்திவிட்டாள். 'யோ' வரவே இல்லை.

இப்போது வாரத்தாளுக்கு வருவோம். அவர்கள் ஆலயத்தில் வாரா வாரம் ஒரு தாள் கொடுப்பார்கள், அதை அடித்துத் தருவது டைப் அக்கா. உள்ளே இரண்டு பக்கம். இடது பக்கம் 'நன்றி சொல்வோம்'. வலது பக்கம் 'வேண்டிக்கொள்வோம்'. போதகர் ஒரு சட்டம் வைத்திருந்தார்: பெயரும் விஷயமும் மட்டும் போதும். "எல்லாம் தெரிஞ்சவருக்கு எதுக்கு விளக்கவுரை?" என்பார். அதனால் ஒவ்வொரு வரியும் கையடக்கமாக இருக்கும். 'பேக்கரி அண்ணன் – புது அடுப்பு.' 'தையல்கார அம்மா – தனிமை.' 'முட்டிப் பெரியம்மா – முட்டி.' இந்தக் கடைசி வரி மட்டும் பதினொரு வருடமாக வலது பக்கத்தில் அசையாமல் இருக்கிறது.

பிப்ரவரியிலிருந்து வாரா வாரம் வலது பக்கத்தில் டைப் அக்கா ஒரு வரி அடித்தாள். 'மைக் அண்ணன் – குரல்.' நாற்பத்துச் சொச்சம் தடவை அடித்திருப்பாள். ஆனால் அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. ஜூனுக்குப் பிறகு அவள் ஜெபம் செய்யவில்லை. முழங்கால் போடுவாள், கண்ணை மூடுவாள், உள்ளே ஒன்றும் இருக்காது. அதுதான் டைப் அடித்துக் கொடுத்தாகிவிட்டதே என்று எழுந்துவிடுவாள். ஆண்டவர் மேல் கோபம் கூட இல்லை. கோபம் இருந்தாலாவது பேச்சுவார்த்தை இருந்திருக்கும். நம்பி நம்பி ஏமாறுவதற்கு அவளிடம் தெம்பு மிச்சமில்லை, அவ்வளவுதான்.

வருடத்தின் கடைசி வாரம் கடையில் கூட்டம் தாங்கவில்லை. அந்தக் களேபரத்தில் புத்தாண்டு ஆராதனைக்கான தாளையும் அடிக்க உட்கார்ந்தாள். வருடம் முடிவதற்குள் எப்படியாவது நடந்துவிட வேண்டும் என்று ஜனங்கள் அள்ளிக் கொடுத்திருந்தார்கள். வலது பக்கம் நாற்பத்தொரு வரி. இடது பக்கம் ஏழே ஏழு. வலது பக்கத்தில் ஒரே ஒரு வரி இடமில்லாமல் அடுத்த பக்கத்துக்குத் துள்ளியது. ஒரு வரிக்காக முந்நூறு தாள் வீணாக்குவதா? எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிப் பார்க்கலாம், அதுவரைக்கும் ஒரு வரியை எடுத்து இடது பக்கத்துக் காலி இடத்தில் சும்மா ஓரமாக வைக்கலாம் என்று நினைத்தாள். அடுத்தவர் வேண்டுதலில் கை வைக்க மனசு வரவில்லை. தன் வரியையே எடுத்து வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் பெட்டியும் கையுமாக ஓடி வந்தாள். "அக்கா, விமானத்துக்கு நேரமாச்சு, இந்த ஒரு பக்கம் மட்டும்!" அடித்துக் கொடுத்தாள். திரும்பி வந்து தாளைப் பார்த்தாள். எல்லாம் அழகாக அடங்கியிருந்தது. அடங்காமல் என்ன செய்யும்? முந்நூறு என்று போட்டுப் பொத்தானை அமுக்கினாள்.

முப்பத்தொன்றாம் தேதி காலை அச்சடித்த தாள்களை ஆலயத்தில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, மத்தியானம் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். போன் அடித்தது. வெளியூரில் இருக்கும் நாத்தனார்.

"அண்ணி! ஏன் அண்ணி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" அழுகையும் சிரிப்புமாக ஒரே சத்தம்.

"என்னத்தை?"

"என்னத்தையா! அண்ணனுக்குக் குரல் வந்துடுச்சாமே! உங்க பாஸ்டர் தாளைப் படம் எடுத்து போன்ல எல்லாருக்கும் அனுப்பியிருக்காரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அண்ணன்கிட்ட குடுங்க, ஒரே ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

டைப் அக்காவுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள். "அவரு... குளிக்கிறாரு."

எதிரே சோற்றில் கையோடு உட்கார்ந்திருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். இடது கையால் பலகையில் எழுதித் தூக்கிக் காட்டினார்: 'நான் குளிக்கிறேனா?'

போனை வைத்துவிட்டு, பையில் கிடந்த தாளைப் பிரித்துப் பார்த்தாள். இடது பக்கம். 'நன்றி சொல்வோம்.' எட்டாவது வரி, 'மைக் அண்ணன் – குரல்.'

"ஐயையோ! என்னங்க, நான் கெட்டேன்!"

அண்ணன் வாங்கிப் பார்த்தார். அப்புறம் தோள் குலுங்க ஆரம்பித்தது. துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டு, சத்தமே வராமல், கண்ணில் நீர் ஒழுகச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க! சிரிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்ல? நானே உசுரு போய் உக்காந்திருக்கேன்!"

'தப்பே வராத டைப் அக்கா' என்று எழுதிக் காட்டிவிட்டு மறுபடி துண்டுக்குள் போய்விட்டார்.

போதகருக்குப் போன் போட்டாள். லைன் கிடைக்கவில்லை. கிடைக்குமா? ஊரே அவரைக் கூப்பிட்டு மைக் அண்ணனைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தது. ஐந்தாவது தடவை போட்டுக்கொண்டிருக்கும்போது வாசல் மணி அடித்தது. பேக்கரி அண்ணன், கையில் கேக். மேலே வெள்ளை க்ரீமில் 'குரலுக்கு வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தது. 'வாழ்த்துக்கள்' என்று எழுதிவிட்டு ஒரு எழுத்தைச் சுரண்டி எடுத்த தடம் தெரிந்தது. "உங்க வீட்டுக்குன்னதும் ஒரு பயம்க்கா, தப்பிருந்தா கண்டுபிடிச்சிடுவீங்களே" என்றார் அவர். டைப் அக்கா தொண்டையைச் செருமி உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் படிக்கட்டில் ஒரு முனகல் கேட்டது.

முட்டிப் பெரியம்மா. அவர்கள் வீடு இரண்டாவது மாடி. பெரியம்மா தன் சொந்த மகன் வீட்டுக்கே மாடி ஏறிப் போக மாட்டேன் என்று ஏழு வருடமாகச் சபதம் போட்டவள். ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வந்திருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு அண்ணனின் இரண்டு கன்னத்தையும் பிடித்தாள்.

"பேசாதப்பா, பேசாத. இப்பத்தான் வந்திருக்கு. பத்திரமா வச்சுக்கோ. நாளைக்குச் சர்ச்சுல கேட்டுக்கிறேன்."

அந்த முட்டியிடம் போய், பெரியம்மா இது தப்பு, நீங்கள் ஏறி வந்தது வீண் என்று யார் சொல்வது? உங்களால் முடியுமா? டைப் அக்காவாலும் முடியவில்லை. தேநீர் போட்டாள்.

ஆறு மணிக்குள் பதினாலு பேர். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கே அவல் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? ஆளாளுக்குச் சிரித்தார்கள், கட்டிப்பிடித்தார்கள், ஆர்கன் வாசிக்கிறவர் மட்டும் கொஞ்சம் கவலையாகச் சிரித்தார். "இனிமே எங்களை விட்டு எங்கேயும் ஓடிப் போகாதீங்கண்ணே, ஒரே சுருதியில வாசிச்சு வாசிச்சு எனக்கே போரடிச்சுப் போச்சு" என்றார். அண்ணன் எழுதினார்: 'கேக் வந்துவிட்டது. குரல் வராவிட்டால் கேக்கைத் திருப்பித் தர வேண்டுமா?' எல்லோரும் அதைப் பெரிய ஜோக் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு கட்டத்தில் டைப் அக்காவும் சிரித்துவிட்டாள். ஜூனுக்குப் பிறகு முதல் சிரிப்பு. ஆரம்பித்ததை நிறுத்த முடியவில்லை. அடுப்பங்கரையில் போய் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கால் தரையில் பாவவில்லை. திருட்டுச் சந்தோஷம் என்று தெரியும், ஆனாலும் அது உடம்புக்கு அவ்வளவு நன்றாக இருந்தது.

எல்லோரும் போன பிறகு கேக் துகள்களைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "இப்ப என்னங்க பண்றது?"

அவர் எழுதினார்: 'ஆண்டவருக்கு நாளன்னைக்குக் காலை பத்து மணி வரை டைம் இருக்கு.'

"விளையாடாதீங்க. வரலைன்னா? அத்தனை பேரும் நன்றி சொல்லி முட்டாளா நிப்பாங்க. நான்தான் நிக்க வச்சவ."

அழித்தார். 'பயமா?'

"ஆமா."

மறுபடி அழித்தார். 'எனக்கும்' என்று சின்னதாக எழுதினார். பத்து மாதத்தில் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விடிந்தது. எட்டு மணி ஆராதனைக்கு ஆலயம் நிரம்பி வழிந்தது. புதுச் சட்டையின் மொடமொடப்பு, ஈரத் தலைகள், கொட்டாவி விடும் பிள்ளைகள். போதகர் தாளைக் கையில் எடுத்து இடது பக்கத்தை வாசிக்க ஆரம்பித்தார். ஏழாவது வரி முடிந்து எட்டாவதற்காக அவர் மூச்சை இழுக்கும்போது டைப் அக்கா எழுந்து நின்றுவிட்டாள். சாட்சி சொல்லப் போகிறாள் என்று எல்லோரும் சந்தோஷமாகத் திரும்பினார்கள்.

"பாஸ்டர், அந்த வரி தப்பு" என்றாள். "குரல் வரல. வருமான்னும் தெரியாது. நாளைக்குத்தான் டாக்டர் பார்ப்பாரு. இடம் பத்தலைன்னு என் வரியை இந்தப் பக்கம் வச்சேன், திருப்பி வைக்க மறந்துட்டேன். நேத்தே சொல்லியிருக்கணும். நீங்க எல்லாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டீங்க, எனக்கு வாய் வரல. மன்னிச்சுடுங்க."

போதகர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். அண்ணன் தலை குனிந்திருந்தார்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு அசைவு. முட்டிப் பெரியம்மா எழுந்துகொண்டிருந்தாள். அவள் எழுவது ஒரு நிகழ்ச்சி. முன் பெஞ்சைப் பிடித்து, பக்கத்து ஆளைப் பிடித்து, ஒரு தடவை உட்கார்ந்து, மறுபடி கிளம்பி. சபை முழுக்கக் காத்திருந்தது.

"இப்ப என்னங்கிற? தப்பா வந்துடுச்சுங்கிற. சரி. நேத்து மத்தியானத்துல இருந்து நான் நன்றி சொல்லிட்டிருக்கேன். உங்க வீட்டு மாடிப்படியில ஒவ்வொரு படியிலயும் சொன்னேன். படுக்கும்போது சொன்னேன், எழுந்தும் சொன்னேன். அதெல்லாம் இதுக்குள்ள போய்ச் சேர்ந்திருக்கும். இனிமே போய், 'ஆண்டவரே, தெரியாம சொல்லிட்டேன், திருப்பிக் குடும்'னு கேக்கச் சொல்றியா? நான் மாட்டேன். எனக்கு மானம் இருக்கு."

எங்கேயோ ஒருவர் 'க்ளுக்' என்றார்.

"அது மட்டுமில்ல. என் முட்டி பதினொரு வருஷமா அந்தப் பக்கத்துலயே உக்காந்திருக்கு. அதையும் தூக்கி இந்தப் பக்கம் போடு."

"முட்டி சரியாயிடுச்சா பெரியம்மா?" என்றார் போதகர், ஆவலாக.

"எங்க சரியாச்சு? எழுந்து நிக்கிறதுக்குள்ள உசுரு போய் உசுரு வந்துச்சே, பாக்கலையா? சாமானைக் கையில வாங்கிட்டு அப்புறமா நன்றி சொல்றது கடைக்காரங்கிட்ட பண்றது. நான் எங்க அப்பாகிட்ட பேசிட்டிருக்கேன்."

அவ்வளவுதான், மடை உடைந்தது. "அப்ப என் அடுப்பையும் போட்டுடுங்க பாஸ்டர்!" என்றார் பேக்கரி அண்ணன். "என் பொண்ணு பரீட்சை!" "எங்க வீட்டுக் கிணறு!" "என் மச்சானுக்குப் புத்தி!" அந்த மச்சானே பக்கத்தில் உட்கார்ந்திருந்தது தெரிந்து சபையே ஓவென்று சிரித்தது. போதகர் பேனாவை எடுத்து அம்புக்குறி போட்டுப் போட்டுப் பார்த்தார், தாளில் இடமில்லை. கையைத் தூக்கி அமைதிப்படுத்தினார். காது சிவந்திருந்தது.

"அந்தப் பக்கத்துல 'ஒருவர் – தூக்கமின்மை'ன்னு ஒரு வரி இருக்கு. அதையும் சேர்த்துக்கலாம்."

"அந்த 'ஒருவர்' நீங்களா பாஸ்டர்?" என்றாள் பெரியம்மா. "அதான் பிரசங்கத்துல எங்களைத் தூங்க வைக்கிறீங்களா?"

போதகரே மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சத்தம் கொஞ்சம் அடங்கும்போது ஓரமாக ஒரு மெல்லிய குரல். தையல்கார அம்மா. அந்த வருடம் மே மாதத்தில் புருஷனைப் புதைத்தவள்.

"என்னுதையும் போட்டுடுங்க. 'தனிமை'ன்னு இருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் தாளை நான்காக மடித்தபடியே சொன்னாள். "கடைசி நாள்ல எந்திரிச்சு வருவாருன்னு நம்பித்தானே அவரை மண்ணுல வச்சோம். நம்பாம வைக்கலையே. எப்பவோ சொல்ல வேண்டியதை இப்பவே சொல்லிடுறேன். அதுவரைக்கும் தனியாத்தான் இருப்பேன், அழத்தான் செய்வேன். ஆனா சொல்லிடுறேன்."

டைப் அக்கா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். தையல்கார அம்மாவின் அந்தக் குரல் கேட்டதும் அவளுக்குள் ஏதோ ஒன்று சட்டென்று இளகியது. கல்லறை வரைக்கும் போனவளே சொல்கிறாள், நான் ஒரு குரலுக்காகவா ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டேன் என்று வெட்கமாக இருந்தது, வெட்கத்தோடு சேர்ந்து சந்தோஷமாகவும் இருந்தது. கண்ணை மூடினாள். உள்ளே வெறுமையாக இல்லை. நன்றி, என்றாள். குரல் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, இந்த மனுஷனை எனக்குக் கொடுத்தீரே, பேசாமலே என்னைச் சிரிக்க வைக்கிறாரே, நன்றி. கடைசியில் எல்லாம் சரியாகும் என்று நீர் சொன்னீரே, அதை நம்புகிறேன், போங்கள். 'போங்கள்' என்று ஆண்டவரிடம் சொல்லலாமா என்று தெரியவில்லை, ஆனால் வந்துவிட்டது. கன்னமெல்லாம் நனைந்து, தலை கிறுகிறுத்து, கல்யாணப் பெண் மாதிரி சிரித்துக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

பெரியம்மாவும் உட்காரப் போனாள். உட்காருவதும் ஒரு நிகழ்ச்சிதான் என்று சொல்ல மறந்துவிட்டேன். ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் வெட்டலாம் என்று பேக்கரி அண்ணன் ஒரு பெரிய கேக்கைக் கொண்டு வந்து மடியில் வைத்திருந்து, பத்திரமான இடம் என்று நினைத்து, பக்கத்தில் பெரியம்மா எழுந்த காலி இடத்தில் வைத்திருந்தார். "பெரியம்மா, பாத்து, பா—" என்றார். பெரியம்மாவின் முட்டி நடுவழியில் நிற்கிற முட்டி இல்லை. போனால் போனதுதான்.

மெத்தென்று ஒரு சத்தம். பெரியம்மாவின் முகத்தில் மெதுவாக ஒரு சந்தேகம் படர்ந்தது.

"யாருப்பா இது," என்றாள், "பெஞ்சுக்கு மெத்தை போட்டது?"

ஆலயம் அதிர்ந்தது. போதகர் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் பெஞ்ச் மேல் ஏறி நின்று பார்த்தார்கள். தையல்கார அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சானைப் புத்தியில்லாதவன் என்று சொன்னவரும் மச்சானும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவில், டைப் அக்காவின் இடது காதுக்குப் பக்கத்தில், வேறு ஒரு சத்தம் கேட்டது.

வெகுநாள் ஓடாமல் கிடந்த கைப்பம்பில் தண்ணீர் ஏறும்போது வருமே, அந்த மாதிரி. கரகரவென்று, மேலும் கீழுமாக, பாதி காற்றும் பாதி சத்தமுமாக. பழைய குரலில் கால்வாசி கூட இல்லை. அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். துண்டை எடுக்க நேரமில்லாமல் போயிருந்தது. கண் இரண்டும் வட்டமாக, கையும் களவுமாகப் பிடிபட்ட திருடன் மாதிரி, ஆறு வாரத்துப் போலீஸ்காரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்ன கெடுவுக்கு இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது. அவர் தலையை வேகமாக ஆட்டினார், வேண்டுமென்று செய்யவில்லை என்பது போல.

அவள் எட்டி அவர் கையைப் பிடித்தாள். பொத்தியிருந்த வாயிலிருந்து விரல் விரலாக விலக்கினாள்.

"ஏங்க," என்றாள், "இன்னொரு தடவை சிரிங்க."